அணு உலையில் வீணாகும் சூட்டை வைத்துக் கடல்நீரைக் குடிநீராக்க முடியாதா?

எண்ணூர்வாசி:
நாங்கள் இருப்பது திருவொற்றியூர் பக்கம். போர் போட்டால் உப்பு, மெட்ரோ வாட்டர் வருகிற நேரம் அவர்களுக்கே வெளிச்சம், குடிக்கக் கேன் தண்ணீர். காட்டுப்பள்ளி கடல்நீர் ஆலை 2010லிருந்து இருக்கிறது, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன், ஆனால் அது முழுக்க மின்சாரத்தில் ஓடும் ஆர்.ஓ., அதாவது கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது. இப்போது என் சந்தேகம். கல்பாக்கத்தில் தலா 220 மெகாவாட்டில் இரண்டு உலைகள் இருக்கின்றன. உலையில் உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரமாகிறது, மீதி கடலுக்குப் போகிறது என்று படித்தேன். கடலில் கொட்டுகிற அந்தச் சூட்டிலேயே கடல்நீரை ஆவியாக்கிப் பிடித்தால் என்ன? சும்மா கிடைக்கிற சூடுதானே? கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேரூரில் 40 கோடி லிட்டருக்குக் கட்டுகிற புது ஆலையும் ஆர்.ஓ.தான். கதிர்வீச்சு பயம்தான் காரணமா? வீட்டில் இதைப் பேசினால் "அந்தத் தண்ணியை நீயே குடி" என்கிறார்கள்.

டர்பைன் தாத்தா:
கல்பாக்கத்தில் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் தம்பி. பாபா அணு ஆராய்ச்சி மையம் போட்ட ஆலை, நாளுக்கு 63 லட்சம் லிட்டர். அதில் 18 லட்சம் ஆர்.ஓ., அது 2002லேயே வந்துவிட்டது. மீதி 45 லட்சம் லிட்டர் நீங்கள் கேட்கிற மாதிரி ஆவியாக்கிப் பிடிப்பது, மல்டி ஸ்டேஜ் ஃப்ளாஷ் என்பார்கள், அது சில வருடம் கழித்து ஓட ஆரம்பித்தது. சூடாக்கிய கடல்நீரை அழுத்தம் குறைந்துகொண்டே போகும் அறைகளில் வரிசையாக விட்டால் ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் குபீரென்று ஆவியாகும், அந்த ஆவி குளிரும்போது விடுகிற வெப்பம் உள்ளே வருகிற கடல்நீரைச் சூடாக்கும். அதனால் ஒரு டன் நீராவி கொடுத்தால் சுமார் 9 டன் நல்ல தண்ணீர் கிடைக்கும்.

இப்போது "சும்மா கிடைக்கிற சூடு" விஷயத்துக்கு வருவோம். நான் வேலை பார்த்ததெல்லாம் அனல் மின் நிலையத்து டர்பைனில்தான், ஆனால் கண்டென்சர், அதாவது டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் கடல்நீரால் குளிர வைத்துத் தண்ணீராக்கும் கருவி, எல்லா இடத்திலும் கண்டென்சர்தான். கடலுக்குப் போகிற வெப்பம் அளவில் மலை மாதிரி, தரத்தில் ஒன்றுமில்லை. கண்டென்சரில் நீராவி குளிர்வதே 40 டிகிரி சொச்சத்தில். ஃப்ளாஷ் முறைக்குக் கடல்நீரை 120 டிகிரி வரை ஏற்ற வேண்டும். அதற்கு நீராவியை முன்னாடியே பிடுங்கியாக வேண்டும். கல்பாக்கத்தில் ஹெச்.பி. டர்பைனை, அதாவது முதலில் வரும் உயர் அழுத்த டர்பைனை, விட்டு வெளியே வரும் இடத்தில் எடுக்கிறார்கள். அந்த நீராவி அடுத்ததாக இருக்கும் எல்.பி. (குறைந்த அழுத்த) டர்பைனுக்குள் போயிருந்தால் மின்சாரம் தந்திருக்கும்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டுப்பள்ளி அளவுக்கு, அதாவது 1 லட்சம் கன மீட்டர் தண்ணீருக்கு, ஆர்.ஓ.வில் கன மீட்டருக்கு 4 யூனிட் வைத்தால் நாளுக்கு 4 லட்சம் யூனிட். அதே அளவை ஃப்ளாஷில் எடுக்க 11,000 டன் நீராவி வேண்டும். ஒரு டன்னுக்கு 100 யூனிட் இழப்பு என்று குறைத்தே வைத்தாலும் 11 லட்சம் யூனிட், அது போக பம்புகளுக்கு 3 லட்சமாவது ஆகும். மூன்று மடங்குக்கு மேல். பேரூரில் ஏன் ஆர்.ஓ. என்றால் இதுதான் பதில், கதிர்வீச்சு இல்லை.

எண்ணூர்வாசி:
அப்போ எதற்குக் கல்பாக்கத்தில் அதைக் கட்டினார்கள்? வேறு எந்த ஊரிலும் அணு உலைச் சூட்டில் தண்ணீர் எடுத்ததே இல்லையா?

டர்பைன் தாத்தா:
எடுத்திருக்கிறார்கள். கஜகஸ்தானில் காஸ்பியன் கடலோரம் அக்தாவ் என்று ஒரு ஊர், பாலைவனம், ஆறு கிடையாது. அங்கே பி.என்.-350 என்ற வேக ஈனுலை (எரிபொருளை எரித்துக்கொண்டே புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை) 1973லிருந்து 1999 வரை ஓடியது, மின்சாரத்தோடு ஊருக்குத் தண்ணீரும் கொடுத்தது. அந்தக் காலத்தில் ஆர்.ஓ. சவ்வு இப்போதைய தரத்தில் இல்லை, அதனால் காய்ச்சி வடிப்பதுதான் வழி. ஜப்பானில் சில அணு நிலையங்கள் தங்கள் தேவைக்கு மட்டும் எடுக்கின்றன. நம் கூடங்குளமும் கடல்நீரைத்தான் நன்னீராக்கி உபயோகிக்கிறது, ஆனால் அங்கே ஆவியை அமுக்கிச் சூடாக்கும் முறை, அதை ஓட்டுவது மின்சாரம்.

கல்பாக்கம் செய்து காட்டுவதற்கான ஆலை. ஃப்ளாஷில் வருவது கிட்டத்தட்ட வடிநீர், லிட்டருக்குச் சில மில்லிகிராம் உப்புதான். பாய்லருக்கு அப்படிப்பட்ட தண்ணீர்தான் வேண்டும், ஆர்.ஓ. தண்ணீரை அந்தத் தரத்துக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு மூன்று வேலை பார்க்க வேண்டும். அதனால் ஆலைத் தேவைக்கு அது நல்ல வழி. ஊருக்குக் குடிக்க அவ்வளவு சுத்தம் தேவையே இல்லை, வடிநீரில் திரும்பத் தாது உப்புச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாதவரம் டீச்சர்:
வீட்டில் கேட்கிற கேள்விக்கு: உலையைத் தொடுகிற கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) வேறு, டர்பைனுக்குப் போகிற நீராவி வேறு. கல்பாக்கத்தில் அந்த நீராவியும் நேராகக் கடல்நீரைச் சூடாக்குவதில்லை, நடுவில் இன்னொரு வெப்பமாற்றி வைத்து, அங்கே தனியாக உண்டாக்குகிற நீராவிதான் கடல்நீர் பக்கம் போகிறது. இந்த மாதிரி ஆலைகளில் உப்புநீர் பக்கம் அழுத்தத்தைக் கூட்டி வைப்பார்கள், குழாய் ஓட்டையானாலும் கசிவு நீராவி பக்கம்தான் போகும். கனநீர் உலை என்பதால் கவனிக்க வேண்டியது டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன், அதைச் சோதித்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். "பயப்படாதே" என்று சொல்வதைவிட அந்தச் சோதனை முடிவுகளைத் தமிழில் போட்டாலே பாதி சண்டை தீரும் என்பது என் அபிப்பிராயம்.

வலைக்காரன்:
எல்லாரும் எடுக்கிறதையே பேசுறீங்க, விடுறதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆர்.ஓ.வில் 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால் அதைவிட அதிகமாகக் கெட்டி உப்புத் தண்ணீர் கடலுக்குத் திரும்புகிறது. ஃப்ளாஷில் உப்பு அவ்வளவு கெட்டியாக இருக்காது, ஆனால் சூடாக வரும், கடல்நீரும் பல மடங்கு உறிஞ்ச வேண்டும். முகத்துவாரத்தில் சுடுதண்ணீர் கலந்தால் இறாலுக்கு என்ன ஆகும் என்று எங்க ஆட்களைக் கேட்டால் தெரியும்.

டர்பைன் தாத்தா:
வலைக்காரன் சொல்வது நியாயம். சுடுதண்ணீர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, எண்ணூர்வாசி கேட்ட "வீணாகும் சூடு" உண்மையிலேயே வேலை செய்த இடம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, அதுவும் அணு உலை இல்லாமல். பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2009ல் வட சென்னை அனல் மின் நிலையத்தில் ஒரு சின்ன ஆலை போட்டது. கண்டென்சரிலிருந்து வெளியேறும் வெதுவெதுப்பான தண்ணீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, சாதாரணக் கடல்நீரால் குளிர வைப்பது. நாளுக்கு 1.5 லட்சம் லிட்டர். இதில் டர்பைனிடமிருந்து எதையும் பிடுங்குவதில்லை.

எண்ணூர்வாசி:
அதைப் பெரிசாக்கினால் போதுமே சார்?

டர்பைன் தாத்தா:
இரண்டு தண்ணீருக்கும் வித்தியாசமே 8, 10 டிகிரிதான். 100 லிட்டர் உள்ளே விட்டால் ஒரு லிட்டர் ஆவியாகும், அவ்வளவுதான். மீதி 99ஐயும் வெற்றிடத்துக்குள் ஏற்றி இறக்கப் பம்பு ஓட வேண்டும், வெற்றிடத்தை விடாமல் பிடித்து வைக்க இன்னொரு பம்பு. நிலையத்தின் பாய்லர் தேவைக்கு இப்படி எடுத்தால், அவர்களுக்குப் போகிற நல்ல தண்ணீரில் அந்த அளவு ஊருக்கு மிச்சம். வாரியத்திடம் கேட்பதானால் நான் அதைத்தான் கேட்பேன், கல்பாக்கத்திலிருந்து குழாய் இழுப்பதை இல்லை.