சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கைப்பிரதி வைக்கலாமா?

பாளைவாசகி:
எங்கள் சர்ச் சேகரத்துப் பெண்கள் சனிக்கிழமைதோறும் ஓர் அரசு மருத்துவமனை வாசலில் மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். நோயாளிக்கு உள்ளே சாப்பாடு கிடைத்துவிடும். கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தவர்கள்தான் டீயும் பன்னுமாக நாளை ஓட்டுவார்கள். அவர்களுக்காகத் தொடங்கியது. எண்பது பொட்டலம், எலுமிச்சைச் சாதம் அல்லது தக்காளிச் சாதம், ஆளுக்கொரு முட்டை. போன வாரம் கமிட்டியில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: இனிமேல் பொட்டலத்துக்கு ரப்பர் பேண்டு போடும்போதே இயேசுவைப் பற்றிய கைப்பிரதி, அதாவது ஒரு துண்டுத்தாளையும் செருகிவிட வேண்டும். நான் வேண்டாம் என்றேன். "இயேசுவைச் சொல்ல வெட்கமா?" என்று கேட்டார்கள். வெட்கம் இல்லை. பசியோடு நிற்கிறவர் கையில் சோற்றோடு சேர்த்துக் கொடுத்தால், சோறு வேண்டும், தாள் வேண்டாம் என்று அவர் எப்படிச் சொல்வார்? ஒரு வாரமாக இதே யோசனைதான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சாயர்புரத்தான்:
அக்கா, உங்கள் மனசு புரிகிறது. ஆனாலும் கமிட்டி சொல்வதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். கேள்விப்படாமல் எப்படி விசுவாசிப்பார்கள் என்று பவுல் ரோமர் 10-ல் கேட்கிறார். வெறும் சோறு கொடுத்துவிட்டு வந்தால் "நல்ல மனுஷிகள்" என்று உங்களைத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். பெயர் நமக்கு வந்து சேரும், இயேசுவுக்குப் போகாது.

என் தாத்தா பெரிய குடிகாரர். பாட்டியின் தாலியைக்கூட அடகு வைத்தவர். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த சின்ன லூக்கா சுவிசேஷப் புத்தகம்தான் அவரைத் திருப்பியது. பைக்குள் அடங்குகிற புத்தகம், அட்டை பிய்ந்து, பீடி வாசனையோடு இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அன்றைக்கு அந்த மனிதர் கூச்சப்பட்டிருந்தால் எங்கள் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது.

வைகைக்கரை:
நான் இந்து. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே பாளைவாசகி அக்காவுக்கு நன்றி. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் யாரோ ஒருவர் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இயேசுவை ஏற்றுக்கொண்டால் நிச்சயம் பிழைப்பீர்கள் என்றார். அப்பா தலையணைக்கு அடியில் மீனாட்சி கோயில் குங்குமத்தை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அவர் பேசப் பேச, அப்பா இன்னொரு கையால் அந்த மடிப்பை மெதுவாக உள்ளே தள்ளினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மறுநாள் நெஞ்சைப் பிளக்கப்போகிறார்கள் என்று தெரிந்த மனிதர், அன்பாகப் பேசுகிறவரிடம் "எழுந்து போங்கள்" என்று எப்படிச் சொல்வார்?

மருத்துவம், கல்வி வழியாக மதம் மாற்றுவதைக் காந்தி எதிர்த்தது இதனால்தான். 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும், மதத்தைப் பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது. இளைத்துக் கிடக்கிறவனிடம் மதம் பேசாதீர்கள். அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

சாயர்புரத்தான்:
உங்கள் அப்பாவிடம் அப்படிப் பேசியது தவறு, ஐயா. பிழைப்பீர்கள் என்று வாக்குக் கொடுக்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. எங்கள் ஆட்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒருவர் தவறாகச் சொன்னார் என்பதற்காக எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி ஈவ்லினும் பல் பிடுங்கினார்கள், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், கூடவே இயேசுவையும் சொன்னார்கள். அவர்கள் இரண்டையும் பிரிக்கவில்லை.

பழையஏடு:
கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் பேசினார்கள், உண்மைதான். ஆனால் பல வருஷம் ஒருவர்கூட மதம் மாறவில்லை. அதற்காக மருந்துப் பெட்டியை மூடவில்லையே. முதலில் கடுமையாக எதிர்த்த பூசாரி, சாகக் கிடந்தபோது தன் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் வயதான காலத்தில் திரும்ப மலைக்கு வந்து, 1974-ல் சாகும்வரை மலை மக்களுக்காகவே உழைத்தார்.

இந்த விவாதத்துக்கு இன்னும் பொருத்தமான கதை ஆந்திராவின் ஒங்கோலில் இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி, பக்கிங்காம் கால்வாயில் சுமார் மூன்று மைல் தோண்டும் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்தார். ஆம், சென்னைக்குள் ஓடுகிற அதே கால்வாய். இலவசமாகக் கொடுக்காமல், வேலைக்குக் கூலியாகக் கொடுத்தார். பஞ்சத்தில் வாடிய ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். கிளவ் மறுத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கும் மேல் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அரிசிக்காக வந்த கிறிஸ்தவன் என்ற பெயர் அவர்களுக்கும் வேண்டாம், சபைக்கும் வேண்டாம் என்று நினைத்தார். நெருக்கடி தணிந்த பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3-ம் தேதி ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது.

நான் இதில் பார்ப்பது அந்த எண்ணிக்கையை அல்ல. கையில் கூலி இருந்த நாளில் அவர் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டார். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டார். ரப்பர் பேண்டு போட்டால் அந்த இடைவெளி போய்விடுகிறது.

வைகைக்கரை:
கிளவ் செய்தது நேர்மையான காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பஞ்சம் போனாலும் நன்றிக்கடன் போய்விடாதே? உயிரைக் காப்பாற்றியவரின் சாமியைக் கும்பிடத் தோன்றுவது சுதந்திரமான முடிவா?

பழையஏடு:
நியாயமான கேள்வி. ஆனால் அந்த மக்களை வாங்கிக்கொள்கிறவர்களாக மட்டும் பார்க்காதீர்கள். பெரும்பாலும் மாதிகர்கள், தோல் வேலை செய்தவர்கள். அவர்களில் ஒருவரான எர்ரகுண்ட்ல பேரய்யா பஞ்சத்துக்குப் பத்து வருஷம் முன்பே, தானே தேடிப்போய்க் கிறிஸ்தவர் ஆனவர். ஊர் ஊராகப் போய்ச் சொந்தக்காரர்களிடம் சொன்னவரும் அவர்தான். நம்மை மனுஷனாக மதிக்கிற இடம் எது என்று அவர்கள் நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்தார்கள். இன்றைக்கோ இந்தியாவில் ஒரு தலித் கிறிஸ்தவரானால் 1950-ம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி உரிமையே போகிறது. ஒரு பொட்டலத்துக்காக அதை விடுகிறவர் யார்?

நைட்டூட்டி:
நான் நர்ஸ், இருபது வருஷமாக. பெரும்பாலும் சர்க்கரை நோயில் கால் புண்ணாகி வருகிறவர்கள். வாடை தாங்காமல் வீட்டு ஆட்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பஞ்சைச் சலைனில் நனைத்து, பழைய கட்டு தோலோடு பிய்ந்து வராமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து எடுக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் நான் மதம் பேசுவதில்லை. வலிக்கிறதா என்று கேட்பேன், பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பேன்.

சிலர் பத்தாவது நாளோ பதினைந்தாவது நாளோ தாங்களாகவே கேட்பார்கள்: "ஏம்மா, உனக்கு அருவருப்பே இல்லையா?" அப்போது சொல்வேன், ஒளிக்க மாட்டேன். உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதினார். "கேட்கிற" என்ற சொல்லை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். கேட்காமலே வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கட்டையும் அதே மாதிரிதான் பிரித்தேன்.

சாயர்புரத்தான்:
தங்கச்சி, உங்களிடம் பதினைந்து நாள் இருக்கிறது. பாளைவாசகி அக்காவுக்குப் பொட்டலத்தை நீட்டுகிற அரை நிமிஷம்தான். அதற்குள் யார் கேட்பார்கள்?

பாளைவாசகி:
அண்ணாச்சி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அரை நிமிஷம்தான் கொடுக்கிறோம் என்பதே எங்கள் குறை என்று இப்போது தோன்றுகிறது. வேனை நிறுத்தி, எண்பது பொட்டலத்தையும் இருபது நிமிஷத்தில் கொடுத்து முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். யார் பெயரும் எங்களுக்குத் தெரியாது. தீக்காய வார்டில் மகளை வைத்துக்கொண்டு ஒருவர் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வந்தார். நாலாவது வாரம் காணவில்லை. அந்தப் பெண் பிழைத்தாளா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கைப்பிரதி அதைச் சரிசெய்யாது. அங்கே உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து சாப்பிட வேண்டும்.

சாயர்புரத்தான்:
சேர்ந்து சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் கைப்பிரதிகளைத் தனியாக ஒரு மேஜையில் வையுங்கள். விருப்பமுள்ளவர் எடுக்கட்டும். என் தாத்தாவைப் போல ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

வைகைக்கரை:
தனி மேஜை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எடுக்காமல் போக முடிகிறதே. ஒரே ஒரு கேள்வி, இரண்டு பேருக்குமே. ஒரு வருஷம் ஆகிறது, அந்த எண்பது பேரில் ஒருவர்கூடச் சபைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. சனிக்கிழமைச் சாப்பாடு தொடருமா?

பாளைவாசகி:
என்னைப் பொறுத்தவரை தொடரும். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார், ஒருவன்தான் திரும்பி வந்தான். வராத ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தை அவர் திரும்ப வாங்கவில்லை.

சாயர்புரத்தான்:
ஆனால் ஒன்பது பேர் எங்கே என்று கேட்டார், அக்கா. அந்த ஏக்கம் நமக்கும் இருக்க வேண்டும்.

பாளைவாசகி:
இருக்கிறது, அண்ணாச்சி. இல்லாவிட்டால் ஒரு தாளுக்காக இவ்வளவு யோசிப்பேனா? கமிட்டிக்காக நான் பதில் சொல்ல முடியாது. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வைகைக்கரை தம்பியின் கேள்வியை அப்படியே அவர்கள் முன்னால் வைக்கிறேன். தனி மேஜை யோசனையையும் சொல்கிறேன்.

சாயர்புரத்தான்:
சரி. ஒரு வருஷக் கேள்விக்கு என் பதிலும் தொடரும் என்பதுதான். கைப்பிரதி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இந்தச் சனிக்கிழமை எண்பது முட்டையும் என் கணக்கு. பதினொரு மணிக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.