சவாரி பூட்ஸ் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது எப்படி?

புதுச்சவாரி:
என் மகள் அண்மையில் குதிரைச் சவாரி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். விளையாட்டுக் காலணி கூடவே கூடாது என்றும், குதிகால் எழும்பிய, அடிப்பாகம் வழவழப்பான கணுக்கால் பூட்ஸ்தான் வேண்டும் என்றும் பயிற்றுநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய ஐரோப்பிய ஓவியங்களிலோ குதிரைவீரர்கள் முழங்காலையும் மறைக்கும் பூட்ஸ் அணிந்திருக்கிறார்கள். அந்த உயரம் எதனால் குறைந்தது? குதிகால் மட்டும் ஏன் நிலைத்துவிட்டது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

வேலூரான்:
குதிகாலின் வேலை, பாதம் அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) முழுவதுமாக நுழைந்துவிடாமல் தடுப்பது. விழும்போது கால் அதில் மாட்டிக்கொண்டால் குதிரை ஆளை இழுத்துக்கொண்டே ஓடும். சவாரியில் இதைவிட அஞ்சத்தக்க விபத்து குறைவு. பாரசீகக் குதிரைவீரர்கள் அங்கவடியில் எழுந்து நின்று அம்பெய்யும்போது பாதம் நழுவாமல் இருக்கக் குதிகால் வைத்த காலணியையே அணிந்தார்கள். 1600ஆம் ஆண்டையொட்டி, பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசர்களிடம் தூதர்களை அனுப்பிய காலத்தில், அந்த வழக்கம் மேற்கே பரவியது. பிரான்சின் பதினான்காம் லூயி அதைச் சிவப்புக் குதிகாலாக்கி அரசவை அலங்காரமாக மாற்றிக்கொண்டார் என்பது வேறு கதை.

கழுகுமலை:
உயரத்தைப் பொறுத்தவரை, கால் எதிலிருந்து காக்கப்பட வேண்டியிருந்தது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் குதிரைப்படையினர் அணிந்த ஜாக்பூட், மெழுகோ கீலோ ஏற்றி விறைக்க வைத்த தடித்த தோலால் ஆனது. அணிவகுப்பில் குதிரைகள் நெருங்கி உரசும்போது முழங்கால் நசுங்காமல் அது காத்தது. பிரான்சில் தபால் வண்டிகளின் குதிரை மீதே அமர்ந்து ஓட்டியவர்களின் பூட்ஸ் இன்னும் பெரியது. பல கிலோ எடையுள்ள அதற்குள் சாதாரணச் செருப்புக்காலுடனேயே இறங்கிக்கொள்வார்கள்; வண்டியின் ஏர்க்காலுக்கும் குதிரைக்கும் நடுவே கால் சிக்கினாலும் எலும்பு முறியாது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு பத்தடி நடப்பதே பெரும்பாடு.

18ஆம் நூற்றாண்டில் தோல் மென்மையாகி, ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதி வீரர்களின் குஞ்சம் தொங்கும் பூட்ஸ் புகழ்பெற்றது. வெலிங்டன் பிரபு லண்டன் காலணித் தொழிலாளர் ஹோபியிடம் சொல்லி அதன் அலங்காரங்களை நீக்கி, காலோடு ஒட்டும்படி கன்றுத்தோலில் தைக்கச் செய்தார். (ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக 1799இல் போரிட்டவரும், நீலகிரியின் வெலிங்டனுக்குப் பெயர் தந்தவரும் இவரே.) இன்று மழைக்கால ரப்பர் பூட்ஸ் அவர் பெயரைச் சுமப்பதைப் பார்த்தால் அவரே சற்றுத் திகைத்துப் போவார்.

நிலவன்:
பூட்ஸ் குட்டையானதில் கால்சட்டைக்கும் பெரிய பங்குண்டு. விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக 1897இல் லண்டன் சென்ற ஜோத்பூர் அரச குடும்பத்தவர் சர் பிரதாப் சிங்கின் போலோ அணியால் புகழ்பெற்ற ஜோத்பூர் கால்சட்டை, கெண்டைக்காலிலிருந்து கணுக்கால் வரை இறுகப் பிடித்திருக்கும். சேணத்தின் உரசலை அந்தத் துணியே தாங்கிவிடுவதால், கணுக்கால் வரையுள்ள பூட்ஸ் போதுமானதாயிற்று. பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த வகைக்கு, அரசியின் காலணித் தொழிலாளர் ஸ்பார்க்ஸ் ஹால் 1851இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். பதப்படுத்திய ரப்பர் கிடைத்ததால்தான் அது கைகூடியது.

புதுச்சவாரி:
மிக்க நன்றி. கடையில் நாடா, ஜிப், எலாஸ்டிக் என மூன்று வகையும் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?

வேலூரான்:
நாடா வகையை வாங்கினால் முடிச்சின் வளையம் தொங்காமல் உள்ளே செருகிவிட வேண்டும். அமெரிக்க மாட்டுக்காரர்களின் பூட்ஸில் நாடாவே இல்லாததற்குக் காரணம், விழுந்தால் கால் பூட்ஸை விட்டு உருவி வந்துவிட வேண்டும் என்பதுதான். ஜிப் வசதியானது, ஆனால் தூசியும் வியர்வையும் சேர்ந்தால் முதலில் பழுதாவது அதன் பற்கள்தாம். வளரும் பிள்ளைக்கு எலாஸ்டிக் போதும் என்பது என் கருத்து. வாங்கியபின் வகுப்பிலுள்ள அங்கவடியில் காலை வைத்துப் பாருங்கள்: பூட்ஸின் அகன்ற பகுதியைவிட அங்கவடி ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக அகன்றிருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் இறுகினால் அளவு பொருந்தவில்லை; பயிற்றுநரிடம் வேறு அங்கவடி கேளுங்கள்.