வேளாண்மை கமிஷனருக்கு ஓட்டு – நார்த் கரோலினாக்காரங்க அனுபவம் சொல்லுங்க

மோரிஸ்வில் மணி

2024 நவம்பர். குடியுரிமை வாங்கி நான் போட்ட முதல் ஓட்டு. பிரசிடென்ட், கவர்னர் எல்லாம் வீட்டிலேயே முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். சீட்டுல கீழ வந்தா "வேளாண்மை கமிஷனர்". ஸ்டீவ் டிராக்ஸ்லர், சாரா டேபர், ஷான் ஹான்னு மூணு பேர். பேனா அப்படியே நின்னுடுச்சு.

எங்கப்பா மன்னார்குடிப் பக்கம் ஆறு மா நிலம் வச்சிருந்தவர். உரத்துக்கு ஒரு வரிசை, கொள்முதல் நிலையத்துல ஒரு வரிசை. நெல்லு நனையுதேன்னு ராத்திரி தார்ப்பாயோட ஓடின மனுஷன். விவசாய மந்திரி யாருன்னு அவரை ஒருத்தரும் கேட்டதில்ல. முதலமைச்சர் யாருக்கு இலாகா குடுக்கிறாரோ அவர்தான் மந்திரி. இங்க என்னடான்னா, ஒரு கறிவேப்பிலைச் செடியை ஜனவரி தாண்டிக் காப்பாத்தத் தெரியாத என்கிட்ட வந்து கேக்கறாங்க.

அப்பா இருந்திருந்தா போன் போட்டுக் கேட்டிருப்பேன். ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிட்டு வந்துட்டேன். யாருக்குன்னு வேண்டாம். அந்த வரியில வேற யாராவது இப்படி நின்னிருக்கீங்களா?

கேரி கார்த்திக்

லிஃப்ட்டுக்குள்ள போட்டோ இருக்குமே, அந்தம்மாதானே? நான் பல வருஷம் அவங்களைத்தான் விவசாய மந்திரின்னு நினைச்சிட்டு இருந்தேன்.

ராலே ரங்கநாயகி

கார்த்திக், அது செரி பெர்ரி. தொழிலாளர் கமிஷனர், அவங்க 2021லயே போயாச்சு. லிஃப்ட் அவங்க துறை, பெட்ரோல் பம்ப்பும் தராசும்தான் வேளாண்மைத் துறை. இங்க ரெண்டையுமே ஓட்டுப் போட்டுத்தான் எடுக்கிறாங்க.

கடலோர டாக்டர்

மணி, நீங்க நின்னது ரெண்டு நிமிஷம். நான் இருபது வருஷமா நிக்கிறேன்.

2004ல நாங்க கார்டரெட் கவுண்டியில இருந்தோம். மோர்ஹெட் சிட்டி, கடல் பக்கம். எனக்கும் அதுதான் முதல் ஓட்டு. ஆஸ்பத்திரி டியூட்டி இருந்ததால முன்கூட்டியே போய்ப் போட்டேன். அந்த மெஷின்ல 10,500 ஓட்டு கொள்ளும்னு நம்பி வச்சிருக்காங்க, நிஜத்துல கொண்டது 3,005. அதுக்கு மேல போட்டதையெல்லாம் வாங்கிக்கிற மாதிரி வாங்கி, எதையும் வச்சுக்கல. போனது 4,438 ஓட்டு. மத்த பதவிக்கெல்லாம் அதனால ஒண்ணும் ஆகல. வேளாண்மை கமிஷனருக்கு மட்டும், மாநிலம் முழுக்க முப்பது லட்சத்துக்கு மேல ஓட்டு எண்ணியும் டிராக்ஸ்லருக்கும் பிரிட் காபுக்கும் வித்தியாசம் 2,287தான். எங்க கவுண்டியில காணாமப் போனது அதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

மறுதேர்தல்னு தேர்தல் போர்டு உத்தரவு போட்டா கோர்ட் தடுக்குது. கவர்னர் பதவி ஏத்தாச்சு, இந்த நாற்காலி இன்னும் முடிவாகல. அப்பதான் ஒரு சனிக்கிழமை காலையில பெரியவர் ஒருத்தர் வந்து கதவைத் தட்டினார். கையில ஒரு தாள். காணாமப் போன ஓட்டுல உங்களுது இருந்தா, யாருக்குப் போட்டீங்கன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுங்கன்னார். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார்.

எனக்கு நினைவில்லை. சத்தியமா நினைவில்லை. புஷ்ஷுக்கும் கெர்ரிக்கும் நடுவுல யாரைத் தொட்டேன்னு தெரியும், வேளாண்மையில எந்தப் பேர் மேல விரல் வச்சேன்னு தெரியாது. சும்மா ஒண்ணைத் தொட்டிருக்கேன். வாசல்ல அந்த மனுஷன் பேனாவை நீட்டிக்கிட்டு நிக்கிறார்.

மிட்வே மாறன்

டாக்டர் சார் சொன்ன வழக்கு எனக்கும் நினைவிருக்கு. ஆனா கதை பாதியிலேர்ந்து ஆரம்பிக்குது. அந்த நாற்காலி காலியானது எப்படி? 2000 தேர்தல்ல இதே டிராக்ஸ்லர் மெக் ஸ்காட் ஃபிப்ஸ்கிட்ட தோத்தவர். அந்தம்மாவுக்கு அப்பா பாப் ஸ்காட் கவர்னர். தாத்தா கெர் ஸ்காட்டும் கவர்னர், அதுக்கு முன்னாடி இதே வேளாண்மை கமிஷனர். நம்மூர் வாரிசுன்னா கூட இவ்வளவு நேர்கோட்டுல வராது.

2002 அக்டோபர்ல ராலே ஸ்டேட் ஃபேருக்கு, அதாவது இந்த வேளாண்மைத் துறை நடத்துற மாநிலப் பொருட்காட்சிக்கு, என் மூணு வயசுப் பையனைத் தோள்ல தூக்கிட்டுப் போனேன். ராட்டினத்துல மேல போனதும் அவன் என் தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. கீழ பஞ்சுமிட்டாய் வெளிச்சம். நான் பார்த்த அமெரிக்கா அன்னிக்குத்தான் அழகா இருந்துச்சு. அடுத்த வருஷம் பேப்பர்ல பார்த்தா, அந்த ராட்டினக் காண்ட்ராக்ட் விவகாரமும் தேர்தல் பணமும் சேர்ந்து ஃபிப்ஸம்மா மேல வழக்கு. ஜூன் 2003ல ராஜினாமா, பொய்ச்சாட்சின்னு தீர்ப்பு, ஃபெடரல் வழக்குல நாலு வருஷம் சிறை. காபை கவர்னர் நடுவுலதான் நியமிச்சார். பையனுக்கு இப்ப இருபத்தஞ்சு தாண்டியாச்சு. ராட்டினத்துல எடுத்த போட்டோ ஹால்ல மாட்டியிருக்கு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்கு ஞாபகம் வருது. என்ன செய்ய.

அதனால சார், 2,287ஐப் பார்த்து டிராக்ஸ்லருக்கு அதிர்ஷ்டம்னு சொல்றவங்களை நான் ஒத்துக்க மாட்டேன்.

கடலோர டாக்டர்

அதிர்ஷ்டம்னு நான் எங்கே சொன்னேன்?

மிட்வே மாறன்

நீங்க சொல்லல சார். பொதுவா சொல்றாங்க. புகையிலை விவசாயி, பிரவுன்ஸ் சமிட் ஊர்க்காரர். தோத்து, திரும்பி வந்து, 2005 பிப்ரவரியில காப் விட்டுக்கொடுத்த பிறகு உட்கார்ந்தார். 2024 வரைக்கும் ஆறு தேர்தல் ஜெயிச்சாச்சு, அதிர்ஷ்டம் ஆறு தடவையா வரும்?

ராலே ரங்கநாயகி

ஆறு தடவைன்னா அசந்து போறீங்களே! ஜிம் கிரஹாம் 1964லேர்ந்து 2001 வரைக்கும் இருந்தார். கவ்பாய் தொப்பி, சுருட்டு. 98ல நாங்க வந்தப்போ எந்தச் சந்தையில யார்கிட்ட பேசினாலும் அவர் பேர்தான். இந்தப் பதவியில உக்காந்தவங்க லேசில எழுந்திருக்க மாட்டாங்க.

கோழிக்காரம்மா

எல்லாரும் தேர்தலையே பேசறீங்க. எனக்கு டிராக்ஸ்லர் துறை உத்தரவு வீட்டுக்குள்ளேயே வந்துச்சு.

2015. என் பொண்ணு 4-எச் கிளப்ல, பசங்க ஆடு கோழி வளர்க்கக் கத்துக்கிற கிளப் அது, ஒரு பெட்டைக்கோழி வளர்த்தா. பேரு செல்வி. அக்டோபர்ல ஸ்டேட் ஃபேர்ல காட்டணும்னு ஏப்ரல்லேர்ந்து கணக்கு. அந்த வருஷம் பறவைக்காய்ச்சல், நாடு முழுக்க கிட்டத்தட்ட 5 கோடி பறவை போச்சு. நம்ம மாநிலத்துக்கு வரல. ஆனா வரக்கூடாதுன்னு கோழிக் கண்காட்சி அத்தனையையும் நிறுத்திட்டாங்க. கோழியும் வான்கோழியும் இங்க எவ்வளவு பெரிய தொழில்னு தெரியும், நிறுத்தினது சரிதான். தப்புன்னு சொல்ல வரல.

விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் நான் பின்பக்கம் போனா, அவ பழைய டூத் பிரஷ்ஷை வச்சு செல்வியோட காலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. போட்டிக்கு நகத்துல அழுக்கு இருக்கக்கூடாதாம். "போட்டிதான் இல்லையேடி"ன்னேன். "அதுக்கு அது தெரியாதும்மா"ன்னா.

சந்தை சுப்பு

அம்மா, மனசு கஷ்டமா இருக்கு. அடுத்த தடவை கோழி வளர்த்தா கூண்டை உயரமா வையுங்க, நரி வரும்.

மணிக்கு ஒண்ணு சொல்றேன். யாருக்கு ஓட்டுன்னு யோசிக்கிறதை விட்டுட்டு முதல்ல லேக் வீலர் ரோட்ல இருக்கிற ஸ்டேட் ஃபார்மர்ஸ் மார்க்கெட்டுக்குப் போங்க. அதுவும் இந்தத் துறை நடத்துறதுதான். காலையிலேயே போயிடணும், பதினோரு மணிக்கு மேல போனா வெண்டைக்காய் முத்தல்தான் மிஞ்சும். நுனியை ஒடிச்சுப் பார்த்தா நம்மூர் மாதிரியே முறைப்பாங்க, கண்டுக்காதீங்க. ஜூலைல தட்டப்பயறு பச்சையா உரிச்சு விப்பாங்க, அங்க அதுக்குப் பேர் ஃபீல்ட் பீஸ். கத்திரிக்காயோட போட்டுப் புளிக்குழம்பு வச்சா காஞ்ச பயறைத் திரும்பித் தொட மாட்டீங்க. வேகவச்ச கடலை விப்பாங்க, உப்பு ஜாஸ்தி. சக்கரவள்ளிக் கிழங்கு நாட்டிலேயே இங்கதான் அதிகம், பெட்டியா வாங்கினா மலிவு. ஆனா ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, நடுவுல கட்டியாயிடும். காகிதத்துல சுத்தி இருட்டுல வச்சா பொங்கல் வரைக்கும் வரும்.

இன்னொண்ணு. கடையில அலமாரியில ஒரு விலை, பில்லுல ஒரு விலை வந்தா விட்டுடாதீங்க. இந்தத் துறை ஆட்கள் சொல்லாம கொள்ளாம வந்து ஸ்கேன் பண்ணிப் பார்ப்பாங்க. நூத்துல ரெண்டுக்கு மேல தப்பு இருந்தா அபராதம். நானே ஒரு கடையைப் பத்திப் புகார் குடுத்திருக்கேன், 40 சென்ட்டுக்கு. என் வீட்டுக்காரி அன்னிக்கு முழுக்க என்கூடப் பேசல.

மோரிஸ்வில் மணி

சுப்பு அண்ணே, கிழங்கு போன வாரமே ஃப்ரிட்ஜுக்குப் போயாச்சு.

டாக்டர் சார், அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா? அதைச் சொல்லாமலேயே போயிட்டீங்க.

கடலோர டாக்டர்

போடல. நினைவில்லைன்னு சொன்னேன். அவர் நம்பல. எதிர்க்கட்சிக்குப் போட்டுட்டு மறைக்கிறேன்னு நினைச்சிருப்பார். பரவாயில்லைன்னு தொப்பியைப் போட்டுக்கிட்டு, படியில இறங்கி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டம்மா நின்ன நிலையிலேயே கையெழுத்துப் போட்டதை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்.