பால்நிலைக் கற்கை கம்பஸில் கட்டாயப் பாடமா?

வாவிக்கரையான்:
போன கிழமை இங்கே ஒருவர், ஆண், பெண் என்ற வேறுபாட்டைச் சமூகம் எப்படி வகுக்கிறது என்று படிக்கிற பால்நிலைக் கற்கையை எல்லாப் பீடத்து முதலாம் வருசப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. வந்தாறுமூலைக் கம்பஸுக்கு, அதாவது கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு, விவசாயம் படிக்கப் போன பிள்ளை மண்ணையும் நீரையும் படிக்கட்டும். என்ஜிஓ செயலமர்வில் கேட்ட 'வலுவூட்டலை'ச் சோதனையிலும் எழுத வைப்பதா? அதுவும் மட்டக்களப்பில்! வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகிற ஊர் இது. குலம் என்கிற குடி கூடத் தாய்வழிதான்.

திராய்மடுக்காரி:
அண்ணன், அந்த வீட்டைப் பற்றியே பேசுவோம். எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. அம்மம்மா அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, காணி உறுதிப் பத்திரமும் அம்மா பெயரில். 2004 டிசம்பர் 26 காலையில் இரண்டையும் கடல் கொண்டுபோனது. திராய்மடுவில் புது வீடு தந்தபோது படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அதில் அப்பாவின் பெயரை எழுதினார்கள். அவ்வளவுதான், பெண்வழி வந்த சொத்து கைமாறிவிட்டது. எழுதியவர் கெட்டவர் இல்லை, இந்த ஊர் ஆள், கம்பஸ் படித்தவர். ஆனால் பழைய வீடு யார் பெயரில் இருந்தது என்று ஒரு கேள்வி கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அக்கரைப்பற்றான்:
எங்கட பக்கமும் வீடு மகளுக்குத்தான், நாங்கள் சோனகர், முஸ்லிம்கள், என்று வித்தியாசமில்லை. ஆனால் ஆய்வு என்று வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு உம்மாவிடம் எத்தனை கேள்விக்கொத்து! நாலாவது ஆள் வந்தபோது தேத்தண்ணியை வைத்துவிட்டு, "மகன், போன முறை எழுதினதையே எழுதிக்கங்க" என்றா. அதில் ஒரு கட்டுரைகூடத் தமிழில் எங்கள் கைக்கு வந்ததில்லை.

வாவிக்கரையான்:
கட்டத்தை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதுமே, பாடம் எதற்கு? அப்புறம் தங்கச்சி, மகளுக்கு வீடு என்றால் அதைக் கட்டுவது யார்? எனக்கு மூன்று தங்கச்சிமார். கட்டாரில் ஒன்பது வருசம் நின்று மூன்று வீடு கட்டினேன். கடைசி வீட்டுக்கு ஓடு போட்டபோது எனக்கு வயது முப்பத்தொன்பது, கலியாணமும் இல்லை. இதை எந்த ஆய்வில் எழுதினார்கள்?

திராய்மடுக்காரி:
எழுதாதது பிழைதான். ஆனால் நீங்கள் சொன்னதும் பால்நிலைதான் அண்ணன். உங்கள் முதுகில் அந்த மூன்று வீட்டையும் ஏற்றியது எது என்று கேட்பதும் இதே பாடம்தான்.
சுற்றறிக்கைக்கு வருகிறேன். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. அரச காணியைப் பெமிட்டில், அதாவது அனுமதிப்பத்திரத்தில், வைத்திருப்பவர் தனக்குப் பிறகு அதைப் பெறும் பின்னுரித்தாளியைப் பெயரிடாமல் இறந்தால், பிள்ளைகளில் ஆண்களுக்கே முதலிடம் என்று அதில் இருந்தது. திருத்தியது 2022இல்! அம்பாறைக் குடியேற்றத் திட்டங்களில் இந்தப் பெமிட் காணிதானே. விவசாயம் படிக்கிற பிள்ளைக்கு இது தெரிய வேண்டாமா?

படுவான்கரை:
என்ஜிஓ சரக்கு என்ற பேச்சை விடுங்கள். 1986இலேயே யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் பெண்களின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டது. அதோடு நின்ற சித்திரலேகா மௌனகுரு பிறகு நம்மட கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். என் பயம் வேறு. கட்டாயம் என்றால் நோட்ஸ் வரும், பிள்ளைகள் அதைப் பாடமாக்கி ஒப்புவித்துவிட்டு மறந்துபோவார்கள். விவசாயப் பீடத்தில், களை பிடுங்கும் பெண்ணுக்கு ஏன் ஆம்பிளையை விடக் குறைந்த கூலி என்று வயல் வேலையோடேயே படிப்பிக்கலாமே.

வாவிக்கரையான்:
அது சரி. அப்படியென்றால் எனக்கு மறுப்பில்லை. தனிப்பாடம் வேண்டுமென்றால் விரும்பியவர் எடுக்கட்டும்.

திராய்மடுக்காரி:
விரும்பியவர் என்றால் வகுப்பில் பெண்பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள். நாளைக்குப் படிவம் தயாரிக்கப் போகிறவர் வரமாட்டார்.

வாவிக்கரையான்:
ம். அந்த வீடு இப்ப யார் பெயரில்?

திராய்மடுக்காரி:
அப்பா பெயரில்தான். என் கலியாணத்தோடு மாற்றலாம் என்கிறார்.