வேலூர்ல நிக்கிற ஜீப்பை மேப் போளூர் பக்கம் காட்டுது, ஏபிஆர்எஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தோட்டப்பாளையம் பையன்:

வணக்கம். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. எங்க மாமா ஜீப்புல ஏபிஆர்எஸ் டிராக்கர் ஒண்ணு பண்ணி மாட்டியிருக்கேன், வண்டி இருக்கிற இடத்தை ஹாம் ரேடியோ வழியா குட்டிக் குட்டி பேக்கெட்டா அனுப்பற முறைதான் ஏபிஆர்எஸ். நியோ-6எம் ஜிபிஎஸ், ஒரு அர்டுயினோ, 5 வாட் வாக்கி டாக்கி, கூரை மேல காந்த ஆன்டெனா. வீட்டு மொட்டை மாடியில ஆன்டெனா, கீழ லேப்டாப்புல, ரேடியோ சத்தத்தைப் பேக்கெட்டா மாத்திக் கொடுக்கிற டைர்வுல்ஃப் சாஃப்ட்வேர். பேக்கெட் சுத்தமா டீகோட் ஆகுது. அதுல வர்ற இடத்தை நானே எழுதின பைத்தான் ஸ்கிரிப்ட் மேப்ல புள்ளியா வைக்கும்.

வம்பு இங்கதான். ஜீப் எங்க வீட்டு வாசல்ல நிக்குது, புள்ளி போளூருக்குக் கொஞ்சம் வடமேற்குல விழுது. போன செவ்வாக்கிழமை இன்னும் மோசம். பொய்கை மாட்டுச்சந்தை கூட்டத்துல ஜீப் ஊர்ந்துக்கிட்டிருக்குன்னு மாமா போன்ல சொல்றார். அங்கிருந்து பள்ளிகொண்டா போறதுக்குள்ள புள்ளி ஜவ்வாது மலையை ஒரே தாவுல தாண்டி திருப்பத்தூர் பக்கம் போய் உட்கார்ந்துடுச்சு. வேகமும் கம்மியா காட்டுது. மாமா 40ல போறேன்றார், ஸ்கிரிப்ட் 22ன்னுது. அத்தைக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

வீட்டு வாசல்ல நிக்கும்போது வந்த பேக்கெட்: 1255.50 வடக்கு, 07908.10 கிழக்கு. நூறால வகுத்து 12.555, 79.081னு மேப்புக்குக் கொடுக்கறேன்.

இன்னொண்ணு, ஒடுகத்தூர் தாண்டி பீஞ்சமந்தைக்கு மலை ஏறினதும் ஒரு பேக்கெட்டும் வர்றதில்ல. ராத்திரி வண்டி மலையை விட்டு இறங்கிடுச்சான்னு வீட்ல தெரியணும், அதுக்குத்தான் இவ்வளவும்.

குடியாத்தம் 2 மீட்டர்:

ரேடியோ ஆன்டெனாவும் ஜிபிஎஸ்ஸும் ஒட்டி இருக்கா? டிரான்ஸ்மிட் ஆகும்போது ஜிபிஎஸ் திணறும், எனக்கு ஆகியிருக்கு. ரெண்டு முழம் தள்ளி வச்சுப் பாருங்க. இல்லன்னா சிம் போட்ட டிராக்கர் வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருங்க ப்ரோ.

தோட்டப்பாளையம் பையன்:

தள்ளித்தான் ண்ணா வச்சிருக்கேன். மலைப்பாதையில டவரே கிடைக்காது, சிம்மை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

காட்பாடி ஓல்டு மேன்:

தம்பி, ஜிபிஎஸ் மேலயும் ரேடியோ மேலயும் பழி போடாதே. நூறால வகுத்தது நீ.

1255.50ன்னா 12 டிகிரி, 55.50 நிமிஷம். டிகிரிக்கு அறுபது நிமிஷம். 55.50ஐ அறுபதால வகுத்தா 0.925, ஆக 12.925. அதே மாதிரி 8.10ஐ வகுத்தா 0.135, ஆக 79.135. இதை மேப்ல போடு, ஜீப் உங்க ஊருக்கே திரும்பி வந்துடும். நீ போட்ட கணக்குல அது 41 கிலோமீட்டர் தெற்கே போயிருந்தது.

திருப்பத்தூர் தாவலைப் படிச்சிட்டு தனியா உட்கார்ந்து சிரிச்சேன். வேலூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவுல 79 டிகிரி தீர்க்கக்கோடு போகுது. அதைத் தாண்டி ஒரு எட்டு மேற்கே வச்சா 78 டிகிரி 59.99 நிமிஷம். நிஜத்துல ஒரு எட்டு, உன் ஸ்கிரிப்ட்டுக்கு 79.00லேருந்து 78.60, அதாவது நாப்பது கிலோமீட்டருக்கு மேல. 8:59 மணிக்கும் 9:00 மணிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு கேட்டா, 900லேருந்து 859ஐக் கழிச்சு நாப்பத்தொண்ணுன்னு சொல்ற பிள்ளை மாதிரிதான்.

ஜிபிஎஸ் சிப் பேசற என்எம்இஏங்கிறது கப்பல்காரங்க பாஷை. அட்சரேகையில ஒரு நிமிஷம் போனா ஒரு கடல் மைல், 1852 மீட்டர். மாலுமிக்கு அதுதான் வசதி. ஏபிஆர்எஸ்ஸை உருவாக்கின பாப் புரூனிங்காவும் அமெரிக்கக் கடற்படை அகாடமியில இருந்தவர், அதே நிமிஷக் கணக்கையே வச்சுட்டார். வேகமும் நாட்டிக்கல் கணக்குதான், ஒரு நாட்ங்கிறது மணிக்கு ஒரு கடல் மைல், 1.852ஆல பெருக்கு. 22 நாட்னா 40 கிலோமீட்டர். உங்க மாமா உண்மையைத்தான் சொல்லியிருக்கார், அத்தைகிட்ட நீயே சொல்லிடு.

2000 மே மாசத்துக்கு முன்னாடி அமெரிக்காக்காரன் வேணும்னே சிக்னலைக் கலைச்சு விட்டிருந்தான். மேசை மேல அசையாம இருக்கிற கருவி நூறு மீட்டர் வட்டாரத்துல உலாத்தும். அந்தக் காலத்துல உன் ஸ்கிரிப்ட் தப்பா, சாட்டிலைட் தப்பான்னு கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகியிருக்கும்.

மலை விஷயம். 144 மெகா ஹெர்ட்ஸ் ஏறக்குறைய கண்ணு போற தூரம்தான் போகும். மலை மடிப்புக்குள்ள வண்டி நுழைஞ்சா உன் மொட்டை மாடிக்கு ஒண்ணும் கேட்காது, வாட்டைக் கூட்டிப் பிரயோஜனமில்ல. வேலூர்ப் பக்கமும் கண்ணுக்குத் தெரியணும், பாதையும் தெரியணும், அப்படி விளிம்புல ஒரு இடம் வேணும். அங்க ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் ஒண்ணு, ஒரு ரேடியோ, சோலார் பேனல் வச்சு டிஜிபீட்டர் போடலாம். கேட்டதைத் திருப்பிச் சொல்ற வேலைதான் அதுக்கு. முதல்ல வாக்கி டாக்கியை எடுத்துக்கிட்டு ஒரு நாள் மேல போய், எங்க நின்னா வீட்ல இருக்கிறவனோட பேச முடியுதுன்னு பாரு. அதுக்கு முன்னாடி பெட்டி வாங்கிடாதே. நிலையா ஒரு இடத்துல வைக்கிறதுன்னா லைசென்ஸ் விதியையும் ஒரு தடவை படிச்சுடு.

எத்தனை செகண்டுக்கு ஒருதரம் அனுப்பறேன்னு நீ சொல்லல. 1200 பாட்ங்கிற மெதுவான வேகம், எல்லாருக்கும் ஒரே சேனல், ஊரே பேசற திண்ணை அது. அஞ்சு செகண்டுக்கு ஒருதரம் கத்தாதே. ஸ்மார்ட் பீக்கனிங் எழுது. நேர் ரோட்ல அடக்கி வாசிக்கும், வண்டி திரும்பினா உடனே ஒரு பேக்கெட் விடும். கொண்டை ஊசி வளைவுக்கு அதுதான் சரி. 73 (ஹாம்காரங்க விடைபெறும்போது சொல்ற வாழ்த்து).

ஆற்காடு லோரா:

ஐயா சொன்னதோட ஒண்ணு. ஜீப் வாடகைக்கு ஓடுற வண்டின்னா யோசிச்சுக்குங்க. ஹாம் அலைவரிசை காசு பார்க்கிற வேலைக்கு இல்ல. அப்படின்னா 865லேருந்து 867 மெகா ஹெர்ட்ஸ்ல லோரா (கம்மி பவர்ல தூரம் போற ரேடியோ முறை) போடுங்க, அதுக்கு லைசென்ஸே வேண்டாம். மலை மறைக்கிறது அதுக்கும் மறைக்கும், அதுல மாத்தமில்ல.

தோட்டப்பாளையம் பையன்:

ஐயா, ரெண்டே வரி மாத்தினேன், புள்ளி தெருமுனை டீக்கடை மேல வந்து நிக்குது. ஜிபிஎஸ்ஸைக் கழட்டி ரெண்டு தடவை வேற சால்டர் வச்சேன், அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. பீக்கன் பத்து செகண்டுக்கு ஒருதரம் போயிட்டிருந்தது, வெட்கமா இருக்கு, இன்னைக்கே மாத்தறேன்.

ஆற்காடு அண்ணா, வாடகை வண்டி இல்ல. மாமா சொந்த வேலைக்குப் போயிட்டு வர்ற வண்டி.

வேகக் கணக்கும் சரியாயிடுச்சு. நேத்து ராத்திரி ஒடுகத்தூர் ரோட்ல 71ன்னு காட்டினதை அத்தை பார்த்துட்டாங்க. மாமா என்கிட்ட பேசறதில்ல. ஞாயித்துக்கிழமை மலைக்குப் போய் இடம் பார்க்க ஜீப் கிடைக்குமான்னு தெரியல, பஸ்லயாவது போயிட்டு வந்து இங்க எழுதறேன்.