பழைய ஏசிக்குப் பதிலாக ஹீட் பம்ப் போடலாமா? (ரொறன்ரோ ஸ்காபரோ, வீட்டைச் சூடாக்க காஸ் ஃபர்னஸ் இருக்கு)

வடலி:
வணக்கம். எங்களுடையது 1980களில் கட்டிய வீடு. பேஸ்மென்ட்டில் அம்மா இருக்கிறா. ஏசி போன ஆகஸ்ட்டோடு கையை விரித்துவிட்டது. ஃபர்னஸ் ஏழு வருசப் பழசு, ஒரு குறையும் இல்லை. விலை சொல்ல வந்தவர், "ஏசிக்குப் பதில் ஹீட் பம்ப் போடுங்கோ, ஃபர்னஸையும் கழற்றிவிடலாம்" என்கிறார். மைனஸ் 15இல் வெளியே நிற்கிற காற்றில் என்ன சூடு இருக்கு, உள்ளே கொண்டு வர? அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. போட்டவர்கள் சொல்லுங்கோ.

கோப்பிச்சட்டி:
தம்பி, நான் 2022 ஒக்டோபரில் போட்டேன். மூன்று வின்ரர் பார்த்தாச்சு. முதலில் ஒன்று: ஃபர்னஸைக் கழற்ற விடாதேங்கோ. அதைக் கழற்றினால் கடுங்குளிருக்குத் துணையாக 10 கிலோவாட் கரண்ட் ஹீட்டராவது வேண்டும். அது மட்டுமே 40 அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் காலத்து வீடு, வீட்டுக்குக் கரண்ட் வருகிற மெயின் பேனல் 100 அம்பியராகத்தான் இருக்கும். பிறகு பேனல் மாற்ற வேறு காசு.

இனி உங்கள் கேள்வி. கோடையில் ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் முகத்தில் அனல் அடிக்குமே, அது உங்கள் வீட்டுச் சூடுதான். ஹீட் பம்ப்பும் அதே ஏசிதான், ஓட்டத்தைத் திருப்பிவிட ஒரு வால்வு கூட இருக்கு, அவ்வளவுதான். என்னுடையதில் குழாய்க்குள் ஓடுகிற குளிரூட்டும் திரவம் ஆர்-410ஏ. அது சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 51இலேயே கொதித்துவிடும். மைனஸ் 15 எங்களுக்குத்தான் குளிர், அதுக்கு அடுப்பு மாதிரி. வெளியே சூட்டை வாங்கி ஆவியாகும், கம்ப்ரெசர் அதை நெருக்க இன்னும் சூடேறும், உள்ளே வந்து அந்தச் சூட்டை விடும். 8 பாகையில் 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் சூடு, சில நேரம் கூடவும் வரும். மைனஸ் 15இல் 2க்குக் கிட்ட.

ஆனால் வீட்டில் சண்டை வரும், சொல்லிவிட்டேன். ஃபர்னஸ் காற்று 50 பாகைக்கு மேல் குப்பென்று அடித்துவிட்டு நிற்கும். இது 35, 40இல் வெதுவெதுப்பாக நாள் முழுக்க ஊதும். என் மனுசி வென்ட்டில் கையை வைத்துப் பார்த்து, "இது வேலை செய்யேல்லை, ஆளைக் கூப்பிடுங்கோ" என்று ஒரு கிழமை நச்சரித்தா. தெர்மோஸ்டாட் 21 காட்டிக்கொண்டு நிற்குது! இப்போது ஃபர்னஸ் ஓடினால்தான் தொண்டை காயுது என்கிறா. இரவில் 17க்கு இறக்குகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கோ. விடிய மேலே ஏற்ற ஃபர்னஸ்தான் எரியும், பம்ப் வைத்த பலன் போய்விடும்.

அப்புறம் அந்த முதல் டிசம்பர். விடியக் காலை பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, பின்பக்கம் புகை என்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தால் புகை இல்லை, நீராவி. வெளிப்பெட்டியில் உறைபனி கட்டினால், அதை உருக்க மெஷின் சில நிமிடம் தானே திரும்பி ஓடும். உருகிற தண்ணீர் கீழே வழிந்து கண்ணாடி மாதிரி உறையும். நடைபாதைப் பக்கம் வைக்க விட்டுவிடாதேங்கோ, அம்மா வேறு இருக்கிறா. எனக்கு நிலத்தோடு வைத்துவிட்டுப் போனார்கள். பெப்ரவரி ஸ்னோவில் பாதி புதைந்து, இரண்டு தரம் சவலால் தோண்டினேன். பிறகு ஒன்றரை அடி ஸ்டாண்ட் அடித்தது என் செலவில்.

கணக்குப்பிள்ளை:
அண்ணை காசுக் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நல்ல ஃபர்னஸில் 1 கன மீற்றர் காஸ் சுமார் 10 யூனிட் சூடு தரும். அதே சூட்டுக்கு ஹீட் பம்ப்புக்கு இதமான நாளில் 3.3 யூனிட் கரண்ட், மைனஸ் 15இல் 5 யூனிட். உங்கள் பில்லில் உள்ள விலையால் பெருக்கிப் பாருங்கோ, எந்தக் குளிரில் ஃபர்னஸுக்கு மாற வேண்டும் என்று தெரியும். 2025 ஏப்ரலில் காஸுக்கான கார்பன் கட்டணம், கன மீற்றருக்கு 15.25 சதம், போய்விட்டது. அதற்கு முந்திய கணக்கைக் காட்டி விற்பவர்களை நம்ப வேண்டாம். சுவரடியில் கரண்டில் ஓடுகிற பேஸ்போர்ட் ஹீட்டர் உள்ள வீடென்றால் யோசிக்காமல் ஹீட் பம்ப் போடலாம். உங்களுக்கு லாபம் கொஞ்சம்தான்.

கோப்பிச்சட்டி:
உண்மை. என் காஸ் பில் பாதியாகியது, கரண்ட் பில் ஏறியது. ஆனால் எப்படியும் ஏசி வாங்கத்தானே போகிறீர்கள்? கூடக் கொடுக்கிற வித்தியாசத்தை மட்டும் பாருங்கோ. நான் மைனஸ் 7இல் ஃபர்னஸுக்கு மாற வைத்திருக்கிறேன்.

கொட்டேஷனில் "3 டன்" என்று மெஷினின் அளவு மட்டும் இருந்தால் விடாதேங்கோ. மைனஸ் 15இல் எத்தனை பிடியு (BTU, சூட்டின் அளவு) தரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கோ. மாத வாடகைக்கு என்றால் வேண்டவே வேண்டாம். கதவு தட்டி ஃபர்னஸ், ஏசி விற்பதை ஒன்ராறியோவில் 2018 மார்ச்சிலேயே தடை செய்தாச்சு, அதற்குப் பிறகும் என் மச்சான் பத்து வருச ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர். வீடு விற்கப் போனபோதுதான் தெரியும், அதை முடிக்க எவ்வளவு கேட்பார்கள் என்று.

வடலி:
நன்றி அண்ணை. பேனலைத் திறந்து பார்த்தேன், 100 அம்பியர்தான். வந்தவரிடம் மைனஸ் 15 கணக்குக் கேட்டேன், "பார்த்துச் சொல்கிறேன்" என்றவர் இன்னும் ஃபோன் எடுக்கவில்லை. வேறு இருவரிடம் விலை கேட்டிருக்கிறேன்.