புதுப்பிப்பு: பைத்தான் இன்ஹெரிட்டன்ஸ், அட்ரிபியூட் எரர் தீர்ந்தது

பதில் சொன்ன அண்ணாச்சிமார் எல்லாருக்கும் நன்றி. பைத்தான் நிரலில் ‘பஸ்’ கிளாஸிலிருந்து (கிளாஸ் என்பது ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் அச்சு) இன்ஹெரிட்டன்ஸ் வழியாக, அதாவது வாரிசாக எடுத்த ‘எக்ஸ்பிரஸ்’ கிளாஸில் வண்டி எண்ணைக் கேட்டால் அட்ரிபியூட் எரர் (அப்படி ஒரு விவரமே இல்லை என்ற பிழை) வருகிறது என்று கேட்டிருந்தேன்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்ன வழிதான் சரியாக வந்தது. எக்ஸ்பிரஸின் இனிட் மெத்தடில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) முதல் வரியாக சூப்பர் இனிட்டை, அதாவது பேரன்ட் கிளாஸான பஸ்ஸின் இனிட்டை அழைத்து, வண்டி எண்ணை அதற்குக் கொடுத்தேன். எக்ஸ்பிரஸ் போல வாரிசாக வரும் சைல்டு கிளாஸில் தனி இனிட் இருந்தால், பேரன்ட் கிளாஸின் இனிட்டைப் பைத்தான் தானாக ஓட்டாது; அதனால்தான் வண்டி எண் பதியாமல் எரர் வந்தது. ஜாவா படித்துவிட்டு வருபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

அப்புறம், எதிர்பாராத ஒன்று. பாபநாசம் வண்டியில் சேரன்மகாதேவியைச் சேர்த்தால் தென்காசி வண்டியின் நிறுத்தங்களிலும் அது வந்து நிற்கிறது! நிறுத்தங்களுக்கான காலி லிஸ்ட் (பட்டியல்) இனிட்டுக்கு வெளியே, கிளாஸிலேயே இருந்ததால் எல்லா ஆப்ஜெக்டுக்கும் ஒரே லிஸ்ட். பஸ்ஸின் இனிட்டுக்குள் செல்ஃப் (அந்தந்த ஆப்ஜெக்டைக் குறிக்கும் சொல்) போட்டு அந்த லிஸ்டை எழுதியதும் தென்காசி வண்டிக்கு ஆலங்குளம், பாவூர்சத்திரம் மட்டும் வருகின்றன.